மேயருக்குக் கட்டிய பொட்டலம்

மசாயா சந்தையில் பழந்துணி மூட்டை வாங்குவதும் சீட்டாடுவதும் ஒன்றுதான். வடக்கே பணக்கார நாடுகளில் யாரோ கழற்றிப் போட்ட துணி, கம்பி போட்டு இறுக்கி, கல் மாதிரி வந்து இறங்கும். தடவிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், ஆசைக்குத் தூக்கியும் பார்க்கலாம். பிரித்துப் பார்க்க மட்டும் கூடாது. காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பியை வெட்டும்போதுதான் தலையெழுத்து தெரியும்.

எவுதோசியாவுக்கு அந்தத் தொழிலில் இருபது வருஷம். சாக்கின் மேல் விரலால் நெருடியே இது ஜீன்ஸ், இது குழந்தைத் துணி என்று சொல்லிவிடுவாள். அவளுக்கே சறுக்கியது. 'முதல் தரம்' என்று இரட்டை விலை சொன்ன ஒரு பெரிய மூட்டைக்காக, பெர்பெத்துவா அம்மாளிடம் இருபத்துநாலாயிரம் கோர்தோபா வட்டிக்கு வாங்கினாள். வெட்டினால், உள்ளே முழுக்கப் பனிக்கோட்டு. பஞ்சு வைத்துத் தைத்த, குல்லாய் தொங்குகிற, முழங்கால் வரை இறங்குகிற பனிக்கோட்டு. மசாயாவில் எரிமலை புகைவது உண்டு. பனி விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற ஒருவன் ஒன்று வாங்கினான். அவனும் பாதி விலைக்குப் பேரம் பேசி.

மற்றவற்றை அவள் கோட்டாக விற்கவில்லை. உட்கார்ந்து பிரித்தாள். ஜிப்பைப் பை தைக்கிறவர்களுக்குக் கொடுத்தாள். பொத்தானை டஜன் கணக்கில் தள்ளினாள். பஞ்சை எடுத்துத் தலையணைக்காரனுக்கு எடை போட்டாள். செத்த மாட்டைக் கூறுபோடுகிற மாதிரிதான். சனிக்கிழமைதோறும் தொள்ளாயிரம் கோர்தோபா பெர்பெத்துவாவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

தவறாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கேஸ் சிலிண்டர் காலியானதும் மூலையில் கவிழ்த்துவிட்டு விறகுக்கு மாறினாள். ஒரு காப்பித் தூளை இரண்டு தரம் கொதிக்க வைத்தாள். இரண்டாம் தரத்துக்குக் காப்பி என்று பேர் சொல்வதே பாவம். சோப்புத் துண்டுகளைச் சேர்த்துப் பிசைந்து புது சோப்பாக்கினாள். பீன்ஸும் சோறும் மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே தடவை சமைத்தாள். சந்தைக்குப் போகவர ஒரு மணி நேர நடை. பக்கத்து நாடான கோஸ்டா ரிக்காவுக்குக் காப்பி பறிக்கப் போன புருஷன் பதினோரு வருஷமாக இன்னும் பறித்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் கேட்பதற்கில்லை.

புருஷன் போன அதே வருஷம் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்து தொங்கும். அதற்கு மேயர் என்று பெயர் வைத்தவன் கறிக்கடை நிக்காசியோ. பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்காது. எழுந்ததும் சந்தையை மிடுக்காக ஒரு சுற்று சுற்றும். ஒரு வேலையும் செய்யாது. ஆனால் எந்தக் கடைக்காரனும் அதை வெறும் வாயோடு அனுப்பியதில்லை. வேறு என்ன பெயர் வைப்பது?

நிக்காசியோ தராசில் ஒரு குன்றிமணி தள்ளிக் கொடுக்காதவன். சொந்த மச்சானுக்கே ஜவ்வோடுதான் நிறுப்பான். அப்படிப்பட்டவன் மேயருக்கு மட்டும் தினமும் மத்தியானம் ஒரு பொட்டலம் கட்டுவான்: எலும்பு, நுரையீரல், கொழுப்பு ஓரம். அவன் பெண்சாதி செத்த வருஷம் முழுக்க அவன் யாரோடாவது நாலு வார்த்தை பேசினான் என்றால் அது மேயரோடுதான். வெட்டுக்கட்டைக்கு அந்தப் பக்கம் இவன் நிற்பான். இந்தப் பக்கம் நாய் உட்கார்ந்து, எல்லாம் புரிந்த மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும்.

கடன் வந்த பிறகு அந்தப் பொட்டலத்தில் எவுதோசியாவுக்கும் பங்கு வந்தது. முதலில் எலும்பைக் கொதிக்க வைத்துச் சாறு மட்டும் எடுத்துக்கொண்டாள். எலும்பு மேயருக்கு. பிறகு எலும்பில் ஒட்டியிருந்த கறியைச் சுரண்டினாள். பிறகு நுரையீரலில் பாதி. மேயர் மறுப்புச் சொல்லவில்லை. கொடுத்ததைத் தின்றுவிட்டு அவள் காலடியில் படுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயது நாய். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தபோது, வயதாகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிப்ரவரியில், நாற்பது நாள் நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேயர் செத்துப்போனது.

கொல்லையில் அவளே குழி வெட்டினாள். விற்காத கோட்டுகளில் ஜிப்பு பிரிக்காத, இருப்பதிலேயே நல்ல ஒன்றைப் பொறுக்கி அதில் சுற்றி இறக்கினாள். அடக்கச் செலவு என்று பார்த்தால் நூற்றைம்பது கோர்தோபா. பார்க்கவில்லை.

புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு சந்தைக்குப் போனாள். எல்லார் நெற்றியிலும் அதே சாம்பல். எனவே அவள் முகத்தை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. அன்று சுத்தபத்தமான நாள், கறி தின்னக் கூடாது. நிக்காசியோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பொட்டலத்தை எடுத்து வைத்தான்.

"எங்கம்மா நம்ம மேயரு? மூணு நாளா விசிட்டே வரல. ஜனங்க மனு குடுக்கக் காத்திருக்காங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பொட்டலம் கனமாக இருந்தது. கறி விற்காத நாள் என்பதால் தாராளமாகக் கட்டியிருந்தான். நல்லியெலும்பு ஒன்று காகிதத்தைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது. பெர்பெத்துவாவுக்கு இன்னும் ஆறு சனிக்கிழமை பாக்கி. ஆறே ஆறு.

"வீட்ல படுத்திருக்காரு, நிக்காசியோ ஐயா. பின்னங்கால் சரியில்ல."

"வயசாச்சுல்ல. அவருக்கு நோன்பு கிடையாது, இன்னிக்கே குடு. நல்லியெலும்பு காலுக்கு நல்லது."

அன்று ராத்திரி அவள் அதைத் தொடவில்லை. மறுநாள் கொதிக்க வைத்து, ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் உப்புப் பார்த்தாள்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் கறிக்கடையில் நின்று செத்த நாயின் உடல்நிலையை அறிவிப்பது அவளுடைய வேலையாயிற்று. இன்று கொஞ்சம் சாப்பிட்டார். இன்று முனகினார். இன்று வெயிலில் படுத்தார். மூட்டை விற்பவனிடம் ஒரு விலையும் துணி வாங்குபவளிடம் ஒரு விலையும் சொல்லிப் பழகிய நாக்குதான். பொய் வரத் தடையில்லை. ஆனால் சொல்லச் சொல்ல மேயர் அவள் வாயில் உயிரோடு படுத்துக் கிடந்தது. நிக்காசியோ தைலம் கொடுத்தான். எந்த இலையைச் சுடவைத்துக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தான். தைலத்தை அவள் தன் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டாள். நல்ல தைலம்தான்.

வீட்டில் சாப்பிடும்போது கை தன்பாட்டுக்குத் தோர்த்தியா ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிக் கீழே போடும். காலையில் பெருக்கும்போது அதைப் பொறுக்கித் தின்பாள். ரொட்டியை வீசுகிற நிலைமையா அவளுக்கு? நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியே துடைப்பம் வளைந்து போகும். தகரச் சுவர்; அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், ஏன் என்று கேட்பார்கள். அதனால் கோட்டுக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெளிநாட்டுப் பஞ்சு. ஒரு சத்தம் வெளியே வராது.

ஆறு சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்பது அவள் கணக்கு. நேற்று ராத்திரிதான் போனார் என்று சொல்லிவிட்டு, நாலு பேர் நடுவில், மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிடலாம். துக்கத்தையும் தவணையில் போட்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை, நிக்காசியோவால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு மாசமாச்சு, எழுந்திரிக்கவே இல்லைங்கறே. இன்னிக்குக் கடைய சீக்கிரம் சாத்திட்டு நானே வந்து பாக்குறேன்."

எவுதோசியா வியாபாரி அல்லவா, விலை ஏறுகிறபோது சரக்கை மாற்றத் தெரியும். "அட, அதைச் சொல்லத்தான் வந்தேன்! இன்னிக்குக் காலைல எழுந்துட்டாரு! தானா நாலு காலையும் ஊணி, முற்றம் பூரா நடந்தாருன்னா பாத்துக்குங்க!"

நிக்காசியோ கத்தியைக் கீழே வைத்தான். நெற்றியில், மார்பில், இரண்டு தோளில் சிலுவை போட்டுக்கொண்டான். "நெசமாவா?"

"பின்ன பொய்யா சொல்றேன்?"

அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் ஆள் வீட்டுக்கு வராமல் தடுத்தாயிற்று. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நோன்பு நாள் என்பதால் கடையைச் சாத்திவிட்டு, நிக்காசியோ சந்தையில் அவள் கோட்டுக் குவியலுக்கு முன்னால் வந்து நின்றான். முகம் கல்யாண வீட்டு முகம். கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தான். நீலமும் வெள்ளையுமாகப் பட்டுத் துணியில் தைத்த மேயர் பட்டை. தோளிலிருந்து குறுக்கே போடுவது. ஓரத்தில் தங்கச் சரிகை.

"தையக்காரன் இருநூத்தம்பது கேட்டான். நான் பேரமே பேசல," என்றான் நிக்காசியோ. இதைவிடப் பெரிய அதிசயத்தை அந்தச் சந்தை கண்டதில்லை.

"எதுக்கு இது?"

"நாளான்னிக்கு லாசரஸ் ஞாயிறு! நேந்துகிட்டேன்ம்மா. யார்கிட்டயும் சொல்லல. 'புனித லாசரே, மேயரு மட்டும் எழுந்து நடந்துட்டாருன்னா, மோனிம்போ கோயிலுக்கு அவருக்கு வேஷம் போட்டு நானே வெறுங்காலோட கூட்டிட்டு வர்றேன்'னு. நேந்தது ஞாயித்துக்கிழமை. நீ வந்து சொன்னது திங்கக்கிழமை! ஒரே நாள்ல! வா, வீட்டுக்குப் போவோம். கழுத்தளவு பாக்கணும். இளைச்சிருப்பாரு, பிடிச்சுத் தைக்கணும்."

லாசரின் நாளன்று நாய்களுக்கு உடுப்புப் போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போவது மசாயாவில் குழந்தைகளுக்குக் கூடத் தெரிந்த நேர்த்திக்கடன். தெருவில் கிடந்த அந்தப் புனிதரின் புண்ணை நக்கிவிட்டவை நாய்கள். நாய்களுக்காகக் கேட்டால் அவர் இல்லை என்று சொல்லமாட்டார். அதே மாதிரி, வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவனை விடவும் மாட்டார். நேர்ந்துவிட்டுச் செலுத்தாதவனுக்குக் கால் அழுகும் என்பார்கள். நிக்காசியோ சர்க்கரை வியாதிக்காரன். காலில் ஏற்கெனவே ஒரு ஆறாத புண் உண்டு.

எவுதோசியா பட்டையைப் பார்த்தாள். வேறொரு பழுப்பு நாயைப் பிடித்துவரலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். காது மடிந்திருக்காது. சாயங்காலம் திடீரென்று செத்துவிட்டது என்று சொல்லலாமா? ஒரே ஒரு சனிக்கிழமைதான் நாளைக்கு அப்புறம் பாக்கி. ஆனால் அப்படிச் சொன்னால், புனிதர் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார் என்று இவன் தன் புண்ணைப் பார்த்துப் பயந்தே சாவான்.

"உக்காருங்க, நிக்காசியோ ஐயா."

"உக்கார நேரமில்ல, வா."

"அவரு இல்ல."

"எங்க போயிட்டாரு?"

"செத்துட்டாரு. சாம்பல் புதனுக்கு முந்தின நாளே."

நிக்காசியோ சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பட்டையை மடிக்க ஆரம்பித்தான். நாலாக மடித்தான், எட்டாக மடித்தான்.

"திங்கக்கிழமை நடந்தாருன்னியே."

"பொய்."

"அப்ப புனிதர் யாரைக் குணமாக்கினாரு?"

அவள் ஒரு கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள்.

"அந்தப் பொட்டலமெல்லாம்?"

"நான் தின்னேன்."

பக்கத்துச் செருப்புக் கடையில் பேச்சு நின்றது. நிக்காசியோ விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். பாதியில் விட்டுவிட்டான். "எலும்பு போவட்டும். எலும்பு கேட்டிருந்தா உனக்கே கட்டிக் குடுத்திருப்பேன், இன்னும் நல்லதாப் பாத்து. ஒரு மாசமா ஒரு பொணத்துக்கு நான் மெழுகுவத்தி ஏத்திட்டிருக்கேன். தைலம் வாங்கினேன். அவரு எப்ப வருவாருன்னு தெனம் அந்தப் பக்கமே பாத்துட்டு நின்னேன், ஏம்மா. மண்ணு போட ஒரு கை நானும் போட்டிருக்க மாட்டேனா? நீ யாரு, எனக்கில்லாமப் பண்ண?"

பட்டையைக் கோட்டுகளின் மேல் எறிந்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை விடிவதற்குள் சந்தைக்கே தெரிந்துவிட்டது. பழக்காரி வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டே, "எவு, மத்தியானம் என்ன சாப்பாடு, வவ் வவ்வா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். எதற்குப் பயந்து ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அது அவ்வளவுதான். வாழைத்தாரோடு போய்விட்டது. வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற வலிக்கு முன்னால் அது கொசுக்கடி.

பெர்பெத்துவா அம்மாள் தொள்ளாயிரத்தை வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, சீட்டில் கையெழுத்துப் போட்டாள். "அடுத்த வாரம் கடைசி. நாயி செத்துச்சு, பேயி செத்துச்சுன்னு வந்து நிக்காத." அவளுக்கும் தெரிந்திருந்தது.

அன்று பொட்டலம் இல்லை. உப்புப் போட்ட சோறு தின்றாள். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகத் தொண்டையில் சிக்காமல் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை மோனிம்போ கோயில் வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. கல்யாணப்பெண் வேஷத்தில் ஒரு பொமரேனியன். பேஸ்பால் சட்டை போட்ட ஒன்பது நாய்கள், முழு டீமும். போலீஸ் தொப்பியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்த ஒரு குட்டி. மரிம்பா வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டேயிருந்தார்கள். எவுதோசியா நாய் இல்லாமல், மடித்த பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அடுத்தவன் நேர்ந்ததைத் தன்னால் செலுத்த முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. காசு யார் கையால் வந்தாலும் கடன் அடைந்தால் சரி என்றுதான் அவளுக்குத் தெரிந்த உலகம்.

"உங்க நாயி எங்கக்கா?" என்றாள் பின்னால் நின்ற பெண், கல்யாணப்பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"செத்துப்போச்சு."

அவள் வாயால் அதை ஒரு முகமறியாதவளிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. கேட்டவள், "ஐயோ பாவமே," என்றாள். அவ்வளவு சாதாரணமான இரண்டு வார்த்தைக்கு எவுதோசியா பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வரிசையின் ஓரமாக யாரோ வந்து அவளுக்குப் பக்கத்தில் நுழைந்தார்கள். நிக்காசியோ. வெள்ளைச் சட்டை. வெறுங்கால். புண்ணைச் சுற்றிக் கட்டியிருந்த துணி தெருப்புழுதியில் பழுப்பாகியிருந்தது.

"நீங்க செலுத்த வேண்டியதில்லையே," என்றாள். "சரக்கே வரலியே உங்களுக்கு."

"தெரியும்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"வேற எங்க போக?" வரிசை இரண்டடி நகர்ந்தது. "உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

இரண்டு பேரும் முன்னால் நின்ற நாயின் சிவப்புப் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடிப் போனாரு?" என்றான் நிக்காசியோ. "நேத்து பூரா சந்தைல உன் பொய்யப் பத்தியே பேசினாங்க. அவரு எப்பிடிப் போனாருன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல."

எவுதோசியா பட்டையின் சரிகையை நகத்தால் நெருடினாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிடல. திங்கக்கிழமை தண்ணியும் எறங்கல. செவ்வாக்கிழமை காலைல மாட்டு டாக்டருக்கு ஃபோன் போட்டேன். வந்து ஊசி போட அறுநூறுன்னாரு. டப்பால அறுநூத்தி நாப்பது இருந்துச்சு."

நிக்காசியோ அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"சனிக்கிழமைக்குச் சேத்து வச்சது. எடுத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூடி வச்சுட்டு சந்தைக்கு வந்துட்டேன். அன்னிக்குக் கூட உங்க கடை வழியாத்தான் போனேன். சாயங்காலம் போய்ப் பாத்தா, விட்டுட்டு வந்த எடத்துலயே கெடந்தாரு. என்னப் பாத்ததும் வால ஆட்டினாரு. ஒரே ஒரு தரம். தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுது."

"என்னக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் அதைப் பல ராத்திரி யோசித்திருந்தாள். கௌரவம் என்று சொல்லலாம். ஏற்கெனவே இருக்கிற கடன் போதாதா என்று சொல்லலாம். இரண்டும் கேட்க நன்றாக இருக்கும், விற்றும் விடும்.

"ஒரு நாயிக்கு அறுநூறான்னு எனக்கே தோணிச்சு, அன்னிக்கு."

நிக்காசியோவின் தாடை அசைந்தது. வசவு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"பட்டினிலதான் போனாரா?" என்று அவளே கேட்டாள். "நான் பாதியத் தின்னதால? உங்களுக்கு மிருகங்களத் தெரியும். சொல்லுங்க."

"தெரியலம்மா," என்றான். பொய் எடை போட்டுப் பழகாதவன். "பன்னெண்டு வயசு. தெரியல."

அப்போதுதான் அவளுக்கு வந்தது. பஞ்சுக்குள் அமுக்கிப் பழகிய அழுகை, திறந்தவெளியில் எப்படி வெளிவருவது என்று தெரியாமல், இருமல் மாதிரி, விக்கல் மாதிரி, கடைசியில் ஊரே திரும்பிப் பார்க்கிற ஒரு ஓலமாக வந்தது. கல்யாணப்பெண் குரைத்தது. பேஸ்பால் டீம் முழுக்கக் குரைத்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் வரிசை நகர்ந்து, கோயில் வாசல்படி வரை வெறும் இடமாகக் கிடந்தது.

"போங்கம்மா, போங்க, வெயில் ஏறுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நிக்காசியோ திரும்பினான்.

"இருங்கய்யா," என்றான். "வருவாங்க."